நான் அழிக்கச் சொன்ன பேர்கள்

விஜயநகரில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த மறு வருஷம் என் மகன் பாக்டரி வேலையை விட்டான். தொண்ணூறுகளின் கடைசி. அவனுக்கு முப்பது தாண்டியிருந்தது. குண்டலுபேட்டைக்காரச் சிநேகிதன் ஒருத்தனும் அவனும் எங்கள் முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தார்கள்.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்று ஒன்று. யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அதை இவர்கள் எடுத்துத் தனியாகப் பிரித்து, கன்னட எழுத்துச் சேர்த்து, வேறு பேர் வைத்தார்கள். ஒரு காலேஜ் தன்னுடைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தது. அது நடந்தால்தான் வேலையை விட்டதற்கு அர்த்தம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மகன் செய்கிறது பெரிய காரியம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

கொள்ளேகாலிலிருந்து என் தம்பி வந்தான். மகன் பெருமையாக அதை ஓட்டிக் காட்டினான். திரை நிறைய இங்கிலீஷில் பேர்கள் ஓடின.

"இதெல்லாம் யாரு மாப்ள?"

"முதல்ல எழுதினவங்க மாமா."

"உம்பேரு?"

"கடைசில வரும்."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, ஊரான் கட்டின வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கா உம்மகன் வேலைய விட்டான்?"

எனக்கு அது பொறுக்கவில்லை. என் கல்யாணத்தில் நாத்தனார் வைத்த குடத்தில் அவள் பேர் வெட்டியிருந்தது. அதைத் தேய்த்து எடுக்கச் சொல்லி என் பேரை வெட்டிக்கொண்டவள் நான். என் வீட்டில் இருக்கிற பொருளில் இன்னொருத்தர் பேர் எதற்கு?

தம்பி போனதும் மகனிடம் சொன்னேன். "அந்தப் பேரையெல்லாம் எடுத்துப்போடு."

"கூடாதும்மா. யார் வேணா எடுத்துக்கலாம், ஆனா பேரையும், எடுத்துக்கலாம்னு அவங்க எழுதிவச்ச லைசென்ஸையும் அழிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் அவங்க கேக்கறது."

"அமெரிக்காவிலிருந்து வந்து பாப்பாங்களா? ராத்திரி பகலா உழைச்சவன் நீ. உன் பேரு கடைசில வர்றதை நான் பாக்கணுமா?"

விடாமல் பத்து நாள் சொன்னேன். அவனோடு பேசாமல்கூட இருந்து பார்த்தேன். சிநேகிதன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், மகன் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து எல்லாப் பேரையும் லைசென்ஸையும் அழித்தான். தன் பேரை மட்டும் போட்டு, சிடி எழுதி, காலேஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தர் திறந்து பார்த்துவிட்டு, முதலில் எழுதினவர்களுக்கே ஈமெயில் போட்டுவிட்டார். பதில் வந்ததை மகன் எனக்குப் படித்துச் சொன்னான். பேரை அழித்தபோதே அதை மற்றவர்களுக்குக் கொடுக்கிற உரிமை தானாகப் போய்விட்டதாம். மன்னிப்புக் கேட்டு எழுதினான். பேரையெல்லாம் திரும்பப் போட்டான். அவர்கள் சரி என்றார்கள். காலேஜ்தான் சரி என்று சொல்லவில்லை. வம்பு பிடித்த சாமான் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டது.

சிநேகிதன் திரும்பி வந்து மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் சாமானை எடுத்துக் கட்டினான். என்னிடம் மட்டும் சொன்னான்: "நான் இதைத் தனியாப் பிரிச்சு, வேற பேர்ல நடத்தப்போறேன் அம்மா."

"எம்மகன் உழைச்சதைத் திருடிட்டுப் போறியா?"

"திருட்டில்லைம்மா. நாங்க அவங்ககிட்டே எடுத்த மாதிரிதான். அவன் பேரும் அதுல இருக்கும். நான் அழிக்கமாட்டேன்."

அடுத்த வருஷம் அவனுடையதை அதே காலேஜ் எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டோம். மகனைப் பாக்டரி திரும்பச் சேர்க்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரிண்டர் ரிப்பேர் பண்ணுகிற கடைக்குப் பஸ்ஸில் போய்வந்தான்.

தீபாவளிக்குத் தம்பி மறுபடி வந்தான். இலையில் உட்கார்ந்ததும் கேட்டான். "அவ்வளவு பெரிய காரியம்னியே அக்கா, என்னதான் ஆச்சு?"

மகன் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பியின் மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது.

"யாரு பேச்சைக் கேட்டான் இவன்? தானா அழிச்சான், தானா கெட்டான்" என்றேன்.

மகன் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தான். மறுத்துச் சொல்லுவான் என்று நினைத்தேன்.

"ஆமா மாமா," என்றான். "என் தப்புதான்."