அரை டிக்கெட் தகப்பன்

வாலிபர்கள் ஏன் திருடர்களாகிறார்கள் என்று பேச ஈப்போவில் ஒரு கூட்டம். பீடோர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் அடியேனும் ஒரு பேச்சாளர். எல்லாம் சினிமாவால்தான் என்று பயாஸ்கோப்பைத் திட்டி நாலு பக்கம் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

ஊர் பார்க்க மகன் அந்தோணியும் வந்தான். வயது பதின்மூன்று. ரயிலடியில் அவனுக்கு அரை டிக்கெட் வாங்கினேன். "கேட்டா பத்து வயசுன்னு சொல்லு. கண்ணைப் பாத்துச் சொல்லணும்" என்று பாடமும் சொல்லிக்கொடுத்தேன். டிக்கெட் பரிசோதகரிடம் கச்சிதமாகச் சொன்னான். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன்.

கூட்டத்தில் முழங்கினேன், கைதட்டினார்கள். அவர்களும் என்னைப் போன்ற யோக்கியர்கள்தானே! வெளியே வந்தால், எதிர்க்கடைக்காரர் அந்தோணியைக் கையும் களவுமாகப் பிடித்து வைத்திருக்கிறார். பேனாக்கத்தி திருடியிருக்கிறான்.

"போலீசுக்கு ஆள் அனுப்பத்தான் பாத்தேன். பத்து வயசுன்னு சொல்றான். பச்சப்புள்ளையப் பிடிச்சுக் குடுக்க மனசு வரல. கூட்டிட்டுப் போங்க லா" என்றார்.

அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான். உண்மை வயதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊர் திரும்ப இரண்டு முழு டிக்கெட் வாங்கினேன். தன் கையிலும் முழு டிக்கெட்டைப் பார்த்ததும் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நம்மள யாருப்பா பிடிச்சது?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு முழு டிக்கெட்தான். மேடை ஏறுவதையும் விட்டுவிட்டேன். பயாஸ்கோப்பைத் திட்ட ஈப்போவில் யோக்கியர்களுக்கா பஞ்சம்?