தாராபுரத்துக்காரி

பனியன் கம்பெனிகளில் நாளெல்லாம் நின்றபடி துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. கட்டுரைகளைத் தேட ஓர் ஏஐ கருவி வைத்திருந்தேன். என் குறிப்புகளைக் கொடுத்தால், அவற்றோடு ஒத்துப்போகும் கட்டுரைகளைத் தேடிப் பிடித்து அடுக்கித் தரும்.

ஒரு மதியம் புதிய கட்டுரை ஒன்றை அது முதலிடத்தில் வைத்தது: 'உங்கள் ஆய்வுக்கு மிக நெருக்கமானது.' எழுதியவர் என் வழிகாட்டிப் பேராசிரியை. பெருமையாகத்தான் திறந்தேன்.

நான்காம் பக்கத்தில் தாராபுரத்துப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் அதைத் தமிழில் சொல்லியிருந்தார் ஓர் அக்கா: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணும். போனா பீஸ் கொறையும், கூலியும் கொறையுமுங்க."

அந்த அக்கா சோமனூர்க்காரர். கம்பெனியில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஊரை மாற்றி எழுதியது நான். என் நோட்டுக்கு வெளியே அப்படியொரு தாராபுரத்துக்காரி எங்கும் கிடையாது. அந்த நோட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லி நான் கொடுத்தது ஒரே ஒருவரிடம்.

போனில் கேட்டேன். பேராசிரியை சிரித்தார். "உன்ற பேரை அடுத்த கட்டுரைல போட்டுக்கலாம் கண்ணு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் கருவி பணிவாகக் கேட்டது: 'இதை உங்கள் மேற்கோள் பட்டியலில் சேர்க்கட்டுமா?'

சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்க்காமல் அக்கா சொன்னதை எழுதினால், திருடி என்று பெயர் வாங்கப்போவது நான்.