'யெஸ்' அடிக்கும் முன்

முன்பின் தெரியாத இயந்திரத்திடம் கடவுச்சொல்லைக் கொடுக்கும் முன் "நீ யார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என ஊருக்கெல்லாம் சொல்வதுதான் என் தொழில், கேட்பவர் யாருமில்லை, சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்துவிடுகிறது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சிறு வியாபாரிகளின் பில்லும் கணக்கும் ஆவணமும் இருக்கும் சர்வர்களை நாங்கள் பராமரிக்கிறோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: முதலாளி தேவா, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர் சுந்தர், அப்புறம் நான். கல்லூரியில் இலக்கியம் படித்தேன், பிழைப்புக்காகக் கணினி படித்தேன். ஓய்வு பெறும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. வீட்டில் என்னை எதுவும் கேட்க ஆளில்லை. இங்கேயாவது திரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால், இனி வருவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். இல்லையென்றால், அந்தத் திரையின் முன் உட்கார்ந்து நீங்களும் ஒருநாள் அந்த ஒற்றை வார்த்தையை அடித்திருப்பீர்கள். எப்படியும் நாம் ஒரே கப்பலில்தான்.

படிக்காத கேள்வி

தூரத்துச் சர்வருக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். என்று ஒரு வழி இருக்கிறது. முதல்முறை நுழையும்போது அது ஒரு கேள்வி கேட்கும். "இந்தச் சர்வரை எனக்கு முன்பின் தெரியாது. இதன் சாவியின் கைரேகை இது. தொடரட்டுமா?" என்பதே அதன் சாரம். கூடவே பொருளற்ற எழுத்துகளும் எண்களுமாக ஒரு நீள வரி வரும். அதுதான் கைரேகை. உண்மையான சர்வரின் கைரேகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் 'யெஸ்' என்று அடிக்க வேண்டும். வேறு யாரோ நம் சர்வர் போல வேஷம் கட்டி வழியில் நின்றாலும் இந்தக் கைரேகையை மட்டும் போட்டுக்கொள்ள முடியாது.

செல்வம் எங்கள் பழைய வாடிக்கையாளர். தமிழ்நாட்டிலிருந்து முருங்கைக்காய், வெற்றிலை, கறிவேப்பிலை எல்லாம் விமானத்தில் வரவழைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். கேள்வி திரையில் முழுதாக வந்து முடிவதற்குள் 'யெஸ்' விழுந்துவிட்டது. "செல்வம், அது என்ன கேட்டுச்சு?" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதைப் படிச்சிட்டு இருந்தா வெத்தலை வாடிடும்லா, லீலாக்கா."

தொலைபேசியில் ஒரு பாராயணம்

சரி, அவர்கள் படிக்க வேண்டாம், நானே வாசித்துக் காட்டிவிடலாம் என்று ஒரு யோசனை. புதிதாக இணைக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள், கைரேகையை நான் சொல்கிறேன், நீங்கள் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்து வாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். முதலில் கூப்பிட்டதும் செல்வம்தான்.

"பெரிய எம், சின்ன கியூ, ஏழு, சின்ன ஆர், கூட்டல் குறி" என்று ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் வெண்பாக்களைச் சீர் பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு இது. தன்னையறியாமல் நான்கு நான்காக நிறுத்தி, ஒவ்வொரு அடியின் முடிவிலும் கொஞ்சம் இழுத்துச் சொன்னது. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. யாரும் எழுதாத, யாரும் நினைவில் வைக்காத பாட்டு. ஆனாலும் அதில் ஓர் எழுத்து பிசகினால் பொருள் முழுதும் மாறிவிடும். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. கீழே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு மேலாக நான் பாதி தாண்டியபோது, மறுமுனையில் செல்வம் வேறு யாரிடமோ முருங்கைக்காய்க் கட்டு எங்கே என்று விசாரிப்பது கேட்டது. "பார்க்கிறீங்களா, செல்வம்?" என்றேன்.

"அக்கா, பேசறது உங்க குரல்தான்னு எனக்குத் தெரியுமே. அது போதாதா? யெஸ் அப்பவே அடிச்சிட்டேன்."

முதலாளியின் கவலை

மனிதர்கள் ஒப்பிட மாட்டார்கள் என்றால், ஒப்பிடும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடுவதே மரியாதை. அதற்கு ஏற்கெனவே வழி உண்டு. சர்வரின் பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டி.என்.எஸ். என்ற பொதுப் பட்டியல் இருக்கிறதல்லவா, அதே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கைரேகையையும் போட்டுவைக்கலாம். வாடிக்கையாளரின் கணினி தானே பட்டியலைப் பார்க்கும், தானே ஒப்பிடும். பொருந்தினால் ஒன்றும் கேட்காமல் உள்ளே விடும். பொருந்தாவிட்டால் கதவைச் சாத்திவிடும், 'யெஸ்' அடிக்க இடமே கொடுக்காது.

தேவாவிடம் விளக்கினேன். எங்கள் தேவா கெட்டவர் இல்லை. வாடிக்கையாளர் போனில் குரலை உயர்த்தினால் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார், அவ்வளவுதான். "கதவைச் சாத்தினா கத்துவாங்களேக்கா" என்றார். முயற்சி செய்து பாருங்கள், ஆனால் இதனால் யார் வேலையாவது நின்றது என்று ஒரு புகார் வந்தால் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் பழையபடி 'யெஸ்'ஸுக்கே போய்விடுவோம் என்று நிபந்தனை போட்டார். ஒப்புக்கொண்டேன். எழுந்து வரும்போது பின்னாலிருந்து இன்னொரு சந்தேகம் வந்தது.

"ஒண்ணுமே கேட்காம உள்ள விட்டுடும்னா, நாம ஏதோ வேலை பார்க்கிறோம்னு கஸ்டமருக்கு எப்படிக்கா தெரியும்?"

பொருத்தம் பார்த்த படலம்

கைரேகைகளை எடுத்துப் பட்டியலில் போடுவது சுந்தரின் பொறுப்பு. ஒரு கட்டளை அடித்தால் சர்வரே தன் கைரேகையைப் பட்டியலுக்கு வேண்டிய வடிவில் எழுதிக் கொடுத்துவிடும். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுச் சோதித்துப் பார்த்தார். "பட்டியலில் பொருந்தும் கைரேகை கிடைத்தது" என்று திரை சொன்னது. சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பழைய கேள்வியைக் கேட்டது: தொடரட்டுமா?

காரணம் நியாயமானதுதான். பட்டியல் சொல்லும் பதிலையும் வழியில் யாராவது மாற்றிவிடலாம் இல்லையா? அதனால் பட்டியலுக்கே ஒரு கையொப்பம் வேண்டும், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கவும் வேண்டும். எங்கள் பட்டியலில் கையொப்பம் இல்லை. நம்பகமானவர் என்று சொல்ல ஒருவர், அவரை நம்பலாம் என்று சொல்ல இன்னொருவர் என்று மேலே மேலே போகிற ஏற்பாடு அது. நம்பிக்கை எங்கேதான் ஆரம்பிக்கிறது என்ற கேள்வி எனக்கு இருபது வயதிலிருந்து உண்டு. கணினித் துறை அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது என்பதே ஒரு ஆறுதல். சுந்தர் தலையில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"ஜாதகம் பொருந்திடுச்சாம் மேடம். ஆனா அந்த ஜோசியர் யாருன்னு கேக்கறாங்க."

புக்கிட் மேராவிலிருந்து ஒரு புகார்

பட்டியலுக்குக் கையொப்பம் வாங்கினோம். வாடிக்கையாளர்களின் கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கையொப்பத்தைச் சரிபார்க்கவும், பொருந்தாவிட்டால் மறுக்கவும் சொல்லிக்கொடுத்தோம். அன்றிலிருந்து புதிய சர்வரில்கூடக் கேள்வி இல்லை. எல்லாம் மழை விட்ட சாலை போல அமைதியாக இருந்தது.

புக்கிட் மேராவில் துணைப்பாட நிலையம் நடத்தும் சாந்தி டீச்சர் போனில் வந்தார். கணினியை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பிரச்சினை. புதிய சர்வருக்குள் போனார், கேள்வி வரவில்லை, நேரே உள்ளே விட்டுவிட்டது. இதுதான் டீச்சர் பாதுகாப்பு, உங்களுக்குப் பதிலாக உங்கள் கணினியே சரிபார்த்துவிட்டது என்று சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. இத்தனை வருஷம் படிக்காமலே பதில் சொன்ன கேள்விதான், இருந்தாலும் அது வராததில் அவருக்கு ஒரு குறை. தேவா தன் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிற்கவில்லை, ஆகவே இது புகாரில் சேராது என்று சைகையால் சொன்னேன். டீச்சர் விடவில்லை.

"நான் யெஸ் சொல்லலையே. அப்புறம் யாரைக் கேட்டு அது என்னை உள்ள விட்டுச்சு?"

கறிவேப்பிலை காத்திருந்த காலை

அந்த மாதமே ஒரு சர்வரை வாடகை இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றினோம். புதிய முகவரி, புதிய சாவி, பட்டியலில் புதிய கைரேகை. பழைய முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வாடகை வீடு மாதிரிதான் அதுவும். நாம் காலி செய்த மறுநாளே வேறு யாரோ குடிவந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை செல்வத்தின் அழைப்பு. அவருடைய சரக்கு சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தது. ஊரிலிருந்து வந்த பில்லை அவர் எங்கள் சர்வரில் ஏற்றினால்தான் அவருடைய ஏஜென்ட் எடுத்துப் போய்ச் சுங்கத்தில் சரக்கை விடுவிக்க முடியும். அவர் போன வாரம் வாங்கிய புது மடிக்கணினி உள்ளே விடவில்லை. "எல்லாம் பெரிய எழுத்துல திட்டுதுக்கா. யெஸ் அடிக்கலாம்னா கேக்கவே மாட்டேங்குது!" பின்னணியில் லாரிகளின் சத்தம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தேவா என் மேசைக்கே வந்துவிட்டார். "ஒரு வரி மாத்தினா போதும்கா. செக் பண்றதை நிறுத்துங்க. அவர் யெஸ் அடிச்சிட்டுப் போகட்டும். நாம பேசினது இதுதானே?" அதுதான் பேசினோம். சுந்தர்கூட விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தார். பில்லை எனக்கு அனுப்புங்கள், நான் ஏற்றிவிடுகிறேன் என்று செல்வத்திடம் சொன்னேன். மாட்டேன் என்றார். அதில் கொள்முதல் விலை இருக்கிறதாம், வெளியாள் பார்க்கக் கூடாதாம். அந்தப் பில் போய்ச் சேரும் சர்வரே என் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதை நான் நினைவூட்டவில்லை.

தேவாவிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். திரையில் வந்த கைரேகையைப் படம் எடுத்து அனுப்பும்படி செல்வத்திடம் கெஞ்சினேன். அனுப்பினார். அது எங்கள் புதுச் சாவியும் இல்லை, பழைய சாவியும் இல்லை. நாங்கள் வாழ்க்கையில் பார்த்தே இராத ஒரு கைரேகை. எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்க்கச் சொன்னேன். நாங்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய முகவரி.

சுந்தருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எப்போதோ பட்டியல் சரியாக வேலை செய்யாத ஒருநாள், அவசரத்துக்கு அவரே செல்வத்தின் கணினிக்குள் அந்த முகவரியைக் கையால் எழுதிவைத்திருக்கிறார். அப்படி எழுதினால் கணினி முகவரிக்காகப் பட்டியலைப் பார்க்காது, எழுதியிருக்கும் இடத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு போகும். போன வாரம் பழைய கணினியின் அமைப்புகளைப் புதியதற்கு மாற்றியபோது அந்த வரியும் கூடவே குடியேறிவிட்டது. கைரேகைக்கு மட்டும் கணினி இப்போதும் பட்டியலைத்தான் கேட்டது, அதனால்தான் பொருந்தவில்லை. நாங்கள் அந்தச் சோதனையை நிறுத்தியிருந்தால், செல்வம் வழக்கம்போல் 'யெஸ்' அடித்து, ஏதோ ஓர் அந்நியரின் இயந்திரத்தில் தன் கடவுச்சொல்லை அட்சர சுத்தமாக எழுதிக் கொடுத்திருப்பார். பெற்ற தாய்க்கும் காட்டாத கொள்முதல் விலைகளுக்கெல்லாம் சாவி அது. அந்த அந்நியர் நல்லவராகவும் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதை நம்பித்தான் உலகம் ஓடுகிறது, எங்கள் தொழிலைத் தவிர.

சுந்தர் தூரத்திலிருந்தே அந்த வரியை அழித்தார். செல்வம் மறுபடி முயன்றார். கேள்வியும் இல்லை, திட்டும் இல்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தார், பில் ஏறியது. தேவா குனிந்து என் திரையில் அதைச் சரிபார்த்தார். பிறகு, "இருக்கட்டும்கா, எடுக்க வேண்டாம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் செல்வம் நேரிலேயே வந்தார். கறிவேப்பிலையில் பாதி துவண்டுவிட்டதாம், கடைக்காரர்கள் முகம் சுளித்தார்களாம். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்: வேறொருவர் இயந்திரம், பறிபோக இருந்த கடவுச்சொல், கடைசி நொடியில் சாத்திக்கொண்ட கதவு. சுந்தரும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். செல்வம் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்போ ஒண்ணுமே நடக்கலை, அப்படித்தானே? ஒண்ணும் நடக்காததுக்கா என் கறிவேப்பிலையை வாட விட்டீங்க?"

தவறிப்போனால் நம் பெயரைச் சொல்லித் திட்டவும், தவறாமல் காத்தால் ஒன்றும் நடக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளவும் வாடிக்கையாளருக்கு உரிமை தருகிற தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.