தெளிந்த அறிவோடு எழுதிக்கொடுத்தது

குருதி சிந்தாத அடி அடியே அன்று என எங்கள் ஊரில் படித்தவரும் படியாதவரும் நம்பினர். விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டால் வழக்கில்லை. இரு தரப்பாரும் தாளில் ஒப்பமிட்டுவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதைத் தொடாது. தமிழாசிரியனாகிய நானும் இவற்றை நம்பினேன்.

குத்தகைதாரர்களின் பெயர்களை அரசு பதிவு செய்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை; பெயர் பதிவானவரை நிலத்தைவிட்டு எளிதில் விலக்க முடியாது. வெண்ணாற்றங்கரைச் சாலையில் மிராசுதாரின் கார், அவருடைய நிலத்தையே குத்தகைக்கு உழுதுவந்த ஒருவரைப் பின்னாலிருந்து இடித்தது. வாய்க்கால் மதகின் கட்டைச்சுவரில் தலை மோதி விழுந்தவர், சற்றைக்கெல்லாம் எழுந்து துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி அவ்விடத்து மண்ணை எடுத்து வந்து அவர் தலையை மும்முறை சுற்றி நீரில் போட்டாள். விழுந்த இடத்தில் தங்கிவிட்ட அச்சம் அதனால் நீங்கும் என்பது நம்பிக்கை.

விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அடிபட்டவர் மறுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் குத்தகைப் பதிவு கைநழுவும் என்பது அவர் அச்சம். தமக்குக் காயமில்லை, இழப்பீடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் பதிவுக்கு மறுப்புச் சொல்வதில்லை என மிராசுதார் சொல்லியனுப்பியிருந்தார்.

ஊரின் மனுக்களையெல்லாம் எழுதுபவனும், வரும் தாள்களைப் படித்துச் சொல்பவனும் நான். மறுநாள் ஞாயிறு நண்பகலில், ஆளற்ற என் வகுப்பறைக்கு மூவர் வந்தனர்: அடிபட்டவர், அவர் மனைவி, மிராசுதாரின் நிலங்களைக் கவனித்துவந்த காரியக்காரர்.

அடிபட்டவர் எனக்கு எதிரில் அமர்ந்து மெல்லக் கேட்டார்: "மாட்ட அவுத்து விட்டது யாரு ஐயா?"

அவரிடம் மாடு இல்லை. அவர் முன்பு வைத்திருந்த இணை செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரியக்காரர் சிரித்தார். "பதிவு கைக்கு வரப்போவுதுல்ல, இப்பவே ஜோடி மாடு கண்ணுல தெரியுது."

"நேத்துலேர்ந்து இதையேதான் கேக்குறாரு. மண்ணு சுத்திப் போட்டிருக்கேன், சரியாயிடும்," என்றாள் மனைவி.

எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி முடிவதற்குள் அதே கேள்வியை, முன்பு கேளாதவர் போல, அதே குரலில் கேட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னிருந்த வெற்றுப் பெஞ்சைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் வெயில்தான் விழுந்திருந்தது. மீண்டும் அவரை நோக்கினேன். அவர் பார்வை மெல்ல நகர்ந்தது, வந்தவருக்கு இடம் கிடைத்துவிட்டதைக் கண்டு நிறைவுற்றவர் போல. அப்போதுதான் கவனித்தேன்: அவருடைய இடக்கண்ணின் கருமணி மற்றதைவிட இருமடங்கு விரிந்திருந்தது. அத்தனை வெளிச்சத்தில் அது இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயினும் எழுதினேன். 'எனக்கு எவ்விதக் காயமும் இல்லை' என்பதற்குப் பின், அவர் சொல்லாமலே, 'இதனைத் தெளிந்த அறிவோடும் முழு மனத்தோடும் எழுதிக்கொடுக்கிறேன்' என்று சேர்த்தேன். அத்தொடர் இல்லாமல் நான் எந்த உடன்படிக்கையையும் முடித்ததில்லை. அவர் ஒப்பமிட்டார். கை தாளின் விளிம்பில் நிற்கவில்லை. பெயரின் கடைசி எழுத்து மேசை மரத்தில் விழுந்தது.

மறுநாள் விடியலில் அவர் எழவில்லை.

எழுதிக்கொடுத்தாயிற்று, இனி அவர் மனைவிக்கு ஒன்றுமில்லை என்றது ஊர். சங்கத்துக்காரர் அவளைத் தஞ்சாவூரில் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார். பின்னர் அவ்வழக்கறிஞர் என்னை வரவழைத்துச் சொன்னார்: மண்டைக்குள் குருதி கசிந்துகொண்டிருக்கையிலும் மனிதர் நடப்பார், பேசுவார், கணவர் எழுதிய தாள் மனைவியின் உரிமையைப் பறிக்காது. ஆயினும் அடிபட்டவர் நலமாகவே இருந்தார், வேறு நோயால் இறந்தார் என்று காட்ட எதிர்த்தரப்பு நான் சேர்த்த அந்தத் தொடரைத்தான் நம்பியிருந்தது. கண்டதை நான் சாட்சிக் கூண்டில் சொன்னாலன்றி அவளுடைய இழப்பீட்டு வழக்கு நில்லாது. நான் வேலை பார்த்த பள்ளியின் நிர்வாகி மிராசுதார்.

சொன்னேன். மாட்டை, வெற்றுப் பெஞ்சை, விரிந்த கருமணியை. தெளிந்த அறிவு என்பது அவர் சொல் அன்று, என் சொல் என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் நேராக வந்தாள்.

"கண்ணு மாறியிருந்தத அன்னிக்கே பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டா எழுதுனீங்க?"

கேட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

வழக்கு அவளுக்குச் சாதகமாக முடிந்தது. எனக்கு அவ்வாண்டே வேலை போயிற்று. தீர்ப்பின் நகல் வந்தபோது, என் வீட்டைக் கடந்து சென்று, அடுத்த தெருத் தபால்காரரிடம் கொடுத்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.