நன்றியுரை நோரீன்

கார்ஸ்டேல் மூத்தோர் படிப்பு வட்டத்தில் பேச வருகிறவர்கள் பல ரகம். ரோமானியர்களின் கழிவறைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர் உண்டு. அண்டார்டிகாவில் எடுத்த நானூறு படங்களையும் ஒன்று விடாமல் காட்டியவர் உண்டு. மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில், மதியம் இரண்டு மணி. பேச்சு முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து நன்றி சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் தேநீர். இந்த வரிசை மாறினால் யார்க்‌ஷயர் மாவட்டமே கவிழ்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர்கள் அவர்கள்.

அந்த நன்றியை ஒன்பது வருடமாகச் சொல்லிவந்தவள் நோரீன் ஹாஸ்லம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். கொஞ்ச காலம் கம்பளி ஆலை, பிறகு முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்துச் சமையலறை. அவள் மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளராதவர்கள் அந்த ஊரில் குறைவு. கணவர் இறந்த பிறகு, வீட்டில் அடைந்து கிடந்தவளைத் தோழி பெரில் இந்த வட்டத்துக்கு இழுத்துவந்தாள். சுற்றிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், வங்கி மேலாளர்கள். முதல் வருடம் முழுக்க நோரீன் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் நன்றி சொல்ல வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெரில் முழங்கையால் இடித்த இடியில் நோரீன் எழுந்து நின்றுவிட்டாள். அன்றைய பேச்சு, கால்வாய் வெட்டியவர்களைப் பற்றி.

"அந்தக் கூலியாளுங்க ஒரு நாளைக்கு ரெண்டு ராத்தல் மாட்டிறைச்சி தின்னாங்கன்னு சொன்னீங்க, ஐயா. அத்தனையையும் யாரு வேகவெச்சிருப்பாங்கன்னு நான் யோசிச்சிட்டே இருந்தேன். அவங்க சார்பாவும் உங்களுக்கு நன்றி."

கைதட்டல் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது. பேச்சிலிருந்து யாரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுவாள். இருநூறு பிள்ளைகள் தட்டை உருட்டுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, அதனால் வாசல் வரைக்கும் கேட்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் மாதம் முழுவதும் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்களே என்ற நிறைவு அவளுக்கு.

ஆனால் அவளுக்கே காது போய்க்கொண்டிருந்தது. மருத்துவமனையில் ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். முடிக்குள் மறைத்து மாட்டிக்கொண்டாள். வீட்டில் பரவாயில்லை. அந்த உயரமான கூடத்திலோ நாற்காலி இழுபடும் சத்தமும் கரண்டிச் சத்தமும்தான் கேட்டன, பேச்சு மட்டும் கரைந்து போயிற்று. வெளியே தெரிந்தால் நன்றியுரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

நல்லவேளை, பேச்சாளர்களை ஏற்பாடு செய்கிற டெரிக் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வாரம் முன்பே, பேசப்போகும் விஷயத்தை ஒரு பக்கம் எழுதி வாங்கி அவளுக்கும் ஒரு நகல் தந்துவிடுவார். செய்திமடலுக்காக வாங்குவது, பிழை பார்த்துக் கொடுங்கள் என்பார். அவருக்குப் பேருந்து நேர அட்டவணை தயாரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு. எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும் அவருக்கு. நோரீன் அந்தப் பக்கத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்வாள். கூட்டத்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது அரை நொடி தாமதித்துச் சிரிப்பாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்தப் பிப்ரவரியில் வந்தவர் ரெக் டின்ஸ்டேல். கலங்கரை விளக்கங்களில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய மடிக்கணினி அன்று முரண்டு பிடித்தது. படம் இல்லாமல் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன், அதற்குப் பதிலாக, ஓய்வுக்குப் பின் தான் வளர்த்த ஒரு பன்றியின் கதையைச் சொல்கிறேன் என்றார். மகாராணி என்று பெயராம் அதற்கு. சந்தை நாளில் அவிழ்த்துக்கொண்டு ஓடி, ஒரு கல்யாண விருந்துக்குள் புகுந்துவிட்டதாம். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது, பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. பேச்சு மாறியதே நோரீனுக்குக் கேட்கவில்லை. நடுக்கடலில் தனியாகக் கிடந்ததற்கு இப்படியா சிரிப்பார்கள் என்று நினைத்தபடி அவளும் சிரித்துவைத்தாள்.

பிறகு எழுந்தாள்.

"தினமும் விடிஞ்சதும் துணியை எடுத்து, துடைச்சு, பளபளன்னு வெச்சு, காத்தும் மழையும் அடிக்கிற ராத்திரியில பக்கத்துலயே கண்ணு முழிச்சு உக்காந்திருந்தீங்களே ஐயா! பெத்த புள்ளையைக்கூட யாரும் இப்படிப் பாத்துக்க மாட்டாங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நோரீன் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"அதைப் பாத்துட்டு எத்தனை கப்பல் திசை திரும்பிப் போயிருக்கும்! எத்தனை மாலுமிங்க உயிர் பொழைச்சிருப்பாங்க!"

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. யாரோ இருமினார்கள். டின்ஸ்டேல் மட்டும் எழுந்து வந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். எல்லாரும் வழக்கத்தைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். தேநீரின்போது ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வானிலையைப் பற்றி மட்டும் மும்முரமாகப் பேசினார்கள்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் நோரீன் கேட்டாள்: "ஏண்டி பெரில், அந்த மனுஷன் அப்படி என்ன வேடிக்கையா சொன்னாரு?"

பெரில் நின்றாள். அவள் காதருகே குனிந்து, "அவர் பேசினது பன்னியைப் பத்திடி" என்றாள்.

அன்று இரவு உணவு இறங்கவில்லை நோரீனுக்கு. மறுநாள் காலையில் டெரிக்குக்கு நாலு வரி எழுதினாள். இனி நன்றியுரைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வட்டத்திலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். எழுதும்போது அழுதாள் என்பதை மறைப்பதற்கில்லை.

டெரிக் பதில் எழுதவில்லை, நேரில் வந்துவிட்டார். அடுக்களை மேசையில் அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியும், நோரீன்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். முன்கூட்டி ஒரு பக்கம் எழுதித் தாங்கன்னு வேற எந்த வட்டத்துலயும் பேச்சாளர்கிட்ட கேக்கறதில்ல. உங்களுக்காகத்தான் அதை விதியா ஆக்கினோம். அப்படிச் செய்யலாம்னு பெரில்தான் சொன்னா."

நோரீன் தேநீர்க் கெண்டியை ணங்கென்று வைத்தாள். "ஓகோ! எல்லாரும் கூடிப் பேசி எனக்குப் பிச்சை போட்டீங்களாக்கும்! கிழவி ஆடட்டும், பாப்போம்னு!"

"பிச்சையா? நீங்க நிறுத்திட்டா அன்னிக்கு என்ன பேசினாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், நீங்கதான் கேட்டீங்களே?"

ஏற்கெனவே மூன்று பிஸ்கட் தின்றிருந்த டெரிக் நான்காவதை எடுத்தார். "எங்க வரிசைக்கு ஒண்ணும் வந்து விழறதில்ல. உங்க குரல் ஒண்ணுதான் தெளிவா கேக்கும். அந்த ஒரு பக்கம் எனக்கு மண்டையில ஏறாது, நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் செய்திமடலே எழுதறேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருடமாக இத்தனை பேர், ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்காமல், தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"டின்ஸ்டேல் உங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார் டெரிக். "இருபத்திரண்டு வருஷம் விளக்கைத் துடைச்சதுக்கு இன்னிக்குத்தான் ஒருத்தர் நன்றி சொல்லியிருக்காங்கன்னு சொன்னாரு. திரும்பிப் போறப்ப எங்கிட்டயும் அதையே சொன்னாரு, கண்ணு கலங்கியிருந்துச்சு."

மார்ச் கூட்டத்தில் பேச வந்தவள் இமோஜன் என்ற இளம் ஆய்வாளர். மலைமேல் இருக்கும் சதுப்பு நிலத்துப் பாசியைப் பற்றிப் பேச்சு. டெரிக் நீட்டிய பக்கத்தை நோரீன் வாங்கவில்லை. இமோஜன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒரு நிமிஷம், கண்ணு. நன்றி கடைசியில சொல்றேன். எனக்குக் காது கேக்காது. இங்க ரெண்டு வருஷமா ஒரு பேச்சும் நான் கேட்டதில்ல. இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு, இப்ப இல்ல. என்னை மாதிரி இங்க வேற யாராச்சும் உண்டா?"

முதலில் டெரிக்கின் கை உயர்ந்தது. அடுத்து முன்னாள் தலைமையாசிரியர் ஒருவரின் கை. அப்புறம் கடைசி வரிசை முழுவதும். ஐம்பத்துநாலு பேரில் முப்பத்தொரு கைகள். அண்டார்டிகா படங்களுக்கு எழுந்து நின்று கைதட்டிய சீமாட்டி, "எனக்கும் கேக்காது, அந்தப் பனிப் படமெல்லாம் நார்வேன்னு இல்ல நெனச்சேன்!" என்றாள். கூடமே வாய்விட்டுச் சிரித்தது.

இமோஜன்தான் சுவரைக் காட்டினாள். காது படம் போட்ட ஒரு சின்னப் பெட்டி. "இது ஓடினா, மைக்ல பேசறது நேரா உங்க காது மெஷினுக்கே வருமே. ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

பெரிலின் முகம் சிவந்துவிட்டது. "அந்த ப்ளக்லதான் நான் தேநீர்ப் பாய்லரை மாட்டறேன். பேச்சு முடியறதுக்குள்ள தண்ணி கொதிக்க வேணாமா?"

"எத்தனை வருஷமாடி?" என்றாள் பக்கத்திலேயே நின்ற நோரீன்.

"பெட்டி வெச்ச நாள்லேர்ந்து."

பெரில் போய்த் தன் கையாலேயே பாய்லரைப் பிடுங்கி, பெட்டியை மாட்டினாள். அந்த ஊரில் ஒருத்தி இன்னொருத்திக்காகச் செய்யக்கூடிய தியாகம் அதற்கு மேல் கிடையாது. முடிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் மறைந்திருந்த காது மெஷின்களின் பட்டனை எப்படித் தள்ளவேண்டும் என்று இமோஜன் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு பேசினாள். நோரீன் கடைசிவரை இமைக்காமல் கேட்டாள். ஒரு தடவை, மற்றவர்கள் சிரிக்கும் முன்பே சிரித்தாள்.

முடிந்ததும் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்பது வருடமாக ஒருநாளும் தடுமாறாத அந்தத் தொண்டை அன்று ஒத்துழைக்க மறுத்தது. இமோஜனைப் பார்த்தாள், டெரிக்கைப் பார்த்தாள், ஆறிப்போன பாய்லர் பக்கத்தில் நின்ற பெரிலைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு," என்றாள். "எல்லாம் கேட்டுச்சு. உங்க எல்லாருக்கும் நன்றி."