மாட்டுக் கொட்டிலில் மட்டும் அடிக்கும் போன்

படிப்புக்காக மலைக்கிராமம் ஒன்றில் அறை எடுத்தேன். எங்கள் வீடிருக்கும் ஓஸ்டர்முண்டிகன் நகரில் சொந்தக்காரர் எல்லோரும் வைத்திருக்கும் கம்பெனி சிம்மையே மச்சான் ஒப்பந்தம் போட்டு எடுத்துத் தந்தான். அறையில் சிக்னலே இல்லை. பக்கத்து மாட்டுக் கொட்டில் வாசலில்தான் கிடைத்தது.

பயிற்சி வேலைக்கு நான் கேட்டிருந்த முதலாளி அழைத்தபோது அறையில் இருந்தேன். மாலையில் கொட்டிலடிக்குப் போனதும் தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. பதறித் திருப்பி அடித்தேன். நான் எடுக்காததால், வேலையை வேறொருவனுக்குக் கொடுக்க அப்போதுதான் போனைக் கையில் எடுத்தாராம். நல்லவேளை, எனக்கே தந்தார்.

மச்சானிடம் சொன்னபோது, "மாட்டோடையே போய்ப் படுடா" என்றான்.

"நீயும் வா மச்சான், மாடுகள் உன்னைத்தான் தேடுதுகள்" என்றேன்.

ஒப்பந்தம் முடியும்வரை குளிரில் கொட்டில் வாசலிலேயே நின்று கதைத்துக் களைத்துவிட்டேன். இப்போதெல்லாம் புது ஊருக்குப் போனால், அங்குள்ளவரின் போனை இரவல் வாங்கி, என் கட்டிலில் இருந்தே அம்மாவுக்கு அடிப்பேன். "எங்கையடா நிக்கிறாய்?" என்று அம்மா ஏசுவது தெளிவாகக் கேட்டால்தான் அந்தப் போனில் இருக்கும் கம்பெனியின் சிம்மை எடுப்பேன்.