அருவிக்குப் பின்னால் ஐந்து கல்

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் வேலை போனது. ஏழே நிமிட வீடியோ மீட்டிங். அதில் மூன்று நிமிடம், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார்கள். இரண்டு நிமிடம், மைக்கை அணைக்க மறந்த யாரோ டீ உறிஞ்சினார்கள். மீதி இரண்டு நிமிடத்தில் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கிறது? செஞ்சியில் என் வீட்டில் உட்கார்ந்துதான் நான் அந்த மீட்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் அக்காக்கள், நடந்ததை எழுதிக் கொடு, ஆண்டு மலரில் போடலாம் என்று இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்று. அம்மன் என் கனவில் வரவில்லை. எலுமிச்சம்பழம் தானாக உருளவில்லை. போன வருட மலரில் அப்படி எழுதியவர்களைப் படித்துவிட்டு நான் சிரித்தவள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் இருக்கிறதே, அதில் வரும் வீடியோ கேம்களுக்குப் பாறை செய்வது. மலை, குன்று, உருண்டு கிடக்கும் கல், எல்லாம் கம்ப்யூட்டரில். வெளிநாட்டுக் கம்பெனி ஆட்டத்தை உருவாக்கும். அதற்குக் கல்லும் மண்ணும் செய்து கொடுக்கும் வேலையைப் புதுச்சேரியில் எங்கள் கம்பெனி எடுத்திருந்தது. செஞ்சிக்காரிக்குப் பாறை செய்ய யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை. சொந்தக்காரர்கள் மட்டும் இதைப் பொம்மை வரைகிற வேலை என்பார்கள். என் சம்பளத்தைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வார்கள்.

நம் மலைப்படி ஓரத்தில் வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கல்மேல் கல் அடுக்குவோமே, அது உங்களுக்குத் தெரியும். நானும் கல்யாணமான புதிதில் அடுக்கினேன். ஐந்து கல், மேல் கல் தட்டையாக. கிடைத்தது வாடகை வீடு. அது போகட்டும். அந்தப் பழக்கத்தில், நான் செய்த ஆட்டத்திலும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மூலையில் ஐந்து கல்லை அடுக்கி வைத்தேன். பதினோரு பகுதி, பதினோரு இடம். ஒருமுறை டீம் லீடர் பார்த்துவிட்டு, "என்னங்க இந்தக் குப்பை, எடுங்க" என்றார். எடுத்து, அருவிக்குப் பின்னால் வைத்தேன். அங்கே அவர் பார்க்கவே மாட்டார் என்று தெரியும். அவர் எங்கள் ஆட்டத்தை ஒருநாளும் ஆடியதில்லை. படம் பிடித்து அனுப்பினால் தலையாட்டுவார். ஆபீஸ் நேரத்தில் அவர் ஆடியதெல்லாம் கால்பந்து.

அவர் எப்போது ஆடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், சந்தா. கன்சோல் ஆட்டங்களை ஒவ்வொன்றாக வாங்காமல் மொத்தமாக ஆட ஒரு சந்தா உண்டு. அதில் ஃபேமிலி பிளான் எடுத்தால் ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். லீடர் பெயரில் பிளான், நாங்கள் ஐந்து பேர் பங்காளிகள். யார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோர் பெயருக்கும் பக்கத்தில் போனிலேயே பச்சைப் புள்ளி எரியும். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் போடுவார். புள்ளி எரியும்.

என்னிடம் கன்சோல் கிடையாது. என் பங்கை ஓசியில் அனுபவித்தவர் ஏழுமலை அண்ணன். என் நாத்தனார் புருஷன். சிங்கவரத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும் வேர்க்கடலையும். நாற்பத்திரண்டு வயது. யாரிடமோ பழைய கன்சோல் ஒன்று வாங்கி வந்து, வயல் வேலை முடிந்ததும் அதன் முன்னால் குந்திக்கொள்வார். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, "உன் நம்பர் போட்டா எல்லா ஆட்டமும் வருமாமே, போட்டுக் குடும்மா" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்துக்காகப் போட்டுக் கொடுத்தேன். நல்ல மனதோடு கொடுக்கவில்லை. நாற்பது வயதில் பொம்மைத் துப்பாக்கி சுடுகிற ஆளை மனுஷராக மதிக்க என்னால் முடியவில்லை. அவர் வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

வேலை போன அன்று மத்தியானமே லீடர் என்னைப் பிளானிலிருந்து நீக்கிவிட்டார். மூன்று வருஷம் பங்கு கொடுத்தவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற நான்கு பங்காளிகளும் வாயைத் திறக்கவில்லை. ஒரே குடும்பம் அல்லவா. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஏழுமலை அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா, ஆட்டம் பாதியில நின்னு போச்சு. இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாரேன்."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பிழைப்பு நின்றுபோயிருக்கிறது, இந்த மனுஷனுக்கு ஆட்டம்.

சித்திரையில் எங்கள் ஆட்டம் வெளியானது. ஆட்டம் முடிந்ததும் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் ஓடும். யாரோ அதை வீடியோவாகப் போட்டிருந்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் பெயர் இல்லை. நீக்கப்பட்டவர்கள் யார் பெயரும் இல்லை. லீடர் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. ஒன்றில் அவர் பாறைக் கலைஞராம். கல்லுக்கும் கத்திரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

புது வேலைக்குப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி. நீங்கள் செய்ததைக் காட்டுங்கள். எதைக் காட்டுவது? லேப்டாப்பைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பழைய கம்பெனியில் கடிதம் கேட்டால், ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, எந்த ஆட்டம் என்று எழுத முடியாது என்றார்கள். கூட வேலை செய்தவர்களில் ஒருத்தராவது, ஆமாம் இவள்தான் செய்தாள் என்று சொல்வார்களா என்று கேட்டுப் பார்த்தேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் நாற்காலி பயம். வெளியே வந்தவர்கள் எனக்குப் போட்டியாக அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தார்கள். ஐந்து கம்பெனி வேண்டாம் என்றது. நான் பொய் சொல்கிறேனோ என்று என் வீட்டுக்காரரே ஒருநாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தோன்றியது. அவர் அப்படி நினைக்கவில்லையாம். ஆனால் எனக்குத் தோன்றிவிட்டது. ஐந்து வருஷ உழைப்புக்கு நான்தான் சொந்தக்காரி என்று சொல்ல உலகத்தில் ஒரு நாதியில்லை. செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை.

ஆறாவது கம்பெனி ஆடி மாதம் கூப்பிட்டது. திங்கட்கிழமை இன்டர்வியூ. அதே கேள்விதான் வரும் என்று தெரியும். முந்தின வெள்ளிக்கிழமை காலையில், ராஜகிரியில் பாதி வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனைப் பார்க்க ஏறினேன். ஆடிக் கூட்டம். அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பவர்கள், மகனுக்கு விசா கேட்டு மூச்சு வாங்க ஏறும் அம்மாக்கள். எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. தரிசனம் முடித்து, படியோரம் ஒதுங்கி ஐந்து கல்லை அடுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"தாயே, வேலை குடுன்னுகூடக் கேக்கல. அந்தப் பாறையெல்லாம் நான் செஞ்சதுதான்னு சொல்ல ஒரே ஒரு ஆளக் காட்டு. ஒருத்தர் போதும்."

கண்ணைத் திறந்தால் எதிரே குரங்கு. என் கல்லைத் தட்டிவிட்டு, பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. நல்ல ஆளைக் காட்டினாய் தாயே என்று முனகிக்கொண்டு இறங்கினேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு அம்மன் மேலும் எனக்கு மரியாதை இல்லை.

கீழே ஏழுமலை அண்ணன் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நாத்தனாரைக் கோயிலுக்கு அழைத்து வந்திருக்கிறார். நான் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, மேலயும் அஞ்சு கல்லு வச்சிட்டு வரியா?"

"மேலயும்னா?"

"உன் ஆட்டத்துல வச்சிருக்கியே, அதான் கேக்கறேன். ஒம்பது எடத்துல பாத்துட்டேன். அருவிக்குப் பின்னாடி ஒண்ணு வச்சிருக்க பாரு, அத்த கண்டுபுடிக்க நாலு நாளாச்சு."

அந்த ஆட்டம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சந்தா நின்றுபோனதும், நான் செய்த ஆட்டம் வருகிறதே என்று அவரே தனியாகச் சந்தா கட்டியிருக்கிறார். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே ஓடும் இடத்தில், இவர் வரப்பைச் சுற்றிப் பார்க்கிறவர்போல மெதுவாக நடந்திருக்கிறார்.

"அது நான் வச்சதுன்னு யாருண்ணா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? மேல் கல்லு தட்டையா இருக்குது. நம்ப பொம்பளைங்க வைக்கிற மாதிரியே. வெள்ளக்காரனுக்கு இது இன்னாத்த தெரியும்? பாறையும் நம்ப பாறதான். சிங்கவரத்துலர்ந்து பாத்தா மலை எப்படி வளையுது, அதே வளைவு."

நடுரோட்டில் நின்று அழுதேன். அவர் பயந்துவிட்டார்.

"அழுவாதம்மா. நான் ஒண்ணையும் கலைக்கல. பக்கத்துல போயி பாத்ததோட சரி."

திங்கட்கிழமை காலை வீடியோ இன்டர்வியூவுக்குச் சிங்கவரம் போனேன். வேர்க்கடலை மூட்டைகளை நகர்த்தி, டிவிக்கு எதிரே போனை நிற்க வைத்தார் அண்ணன். கரன்ட் போய்விடக் கூடாதே என்று நாத்தனார் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசிய பெண்மணி எல்லாம் பார்த்துச் சலித்தவர். செய்ததைக் காட்டுங்கள் என்றார். பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை, ஆட்டத்துக்குள் நான் வைத்த கல் இருக்கிறது, பதினோரு இடத்தையும் பார்க்காமலே சொல்கிறேன், ஆடிக் காட்டுகிறேன் என்றேன்.

ஆடினேன். பாலத்திலிருந்து விழுந்து செத்தேன். மறுபடி ஆடினேன், ஓநாய் கடித்துச் செத்தேன். பாறை செய்யத் தெரிந்தவளுக்கு அதன்மேல் நடக்கத் தெரியவில்லை.

"ரிமோட்ட குடும்மா" என்று அண்ணன் வாங்கிக்கொண்டார்.

யார் அவர் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"எங்க அண்ணன்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை அடுத்தவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் சொல்லச் சொல்ல அவர் நடந்தார். பட்ட மரத்துக்கு இடது பக்கம். ஓடையைத் தாண்டி. அருவிக்குள் நுழையுங்கள் அண்ணா. ஐந்து கல் நின்றது. அடுத்து எந்த இடம் என்று அந்தப் பெண்மணியே தேர்ந்தெடுத்தார். பனிமலை. அங்கேயும் நின்றது. ஒரு பாறையைக் காட்டி, இதில் விரிசல் ஏன் இப்படி வளைந்து போகிறது என்று கேட்டார். வெயிலில் காய்ந்து மழையில் குளிர்ந்தால் எங்கள் ஊர்ப் பாறை வெங்காயம்போல் உரியும், அப்படி உரியும்போது விரிசல் நேராகப் போகாது என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, போதும், மீதி இடங்களைக் காட்ட வேண்டாம், எப்போது சேர முடியும் என்றார்.

அம்மனுக்கு நன்றி. முழு மனதோடு சொல்கிறேன். இது ஒரு வருஷ ஒப்பந்தம்தான். இந்தத் தொழிலில் எந்த நாற்காலிக்கும் நான்கு கால் கிடையாது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இந்த முறை ஒப்பந்தத்திலேயே, பெயர்ப் பட்டியலில் என் பெயர் வர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். கேட்க முன்பு தைரியம் இல்லை. முதல் சம்பளத்தில் ஃபேமிலி பிளான் எடுத்தேன். அதில் அண்ணன் பெயரை முதலில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் போகிறேன். ஓநாயிடம் தப்பிக்க எனக்குச் சொல்லித்தருகிறார். என்னை மூட்டை என்று திட்டுகிறார், வாங்கிக்கொள்கிறேன். பதினோராவது இடத்தை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சொல்லட்டுமா என்றால் வேண்டாம் என்கிறார்.

தை பிறந்ததும் லீடரிடமிருந்து மெசேஜ் வந்தது. அவரையும் தூக்கிவிட்டார்களாம். ஏழு நிமிடம்கூட ஆகவில்லையாம். என் புதுக் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அம்மன் என் மனதை அவ்வளவு தூரத்துக்கு மாற்றிவிட்டாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என் கம்பெனியில் கேட்டால் உண்மையைச் சொல்வேன். நன்றாகக் கால்பந்து ஆடுவார்.

அக்காக்களே, நீங்களும் ஏறுங்கள். கல்லை அடுக்குங்கள். குரங்கு தட்டிவிட்டால் தட்டிவிடட்டும், கேட்டது கேட்டதுதான், அவள் காதில் விழுந்துவிடும். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அவள். உங்களுக்குப் பிடித்தவரை அனுப்புவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். யாரைக் கண்டால் நீங்கள் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிவீர்களோ, அவரைத்தான் அனுப்புவாள். ஒளியாமல் நில்லுங்கள்.

பூங்கோதை, செஞ்சி